ஓலை வெட்டிய கையின் வரலாறு

(ஆசிரியர்களும் உறவின்முறைப் பெரியோர்களும் தமிழன்பர்களும் கூடிய அருப்புக்கோட்டை அவையில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

 

குமுகாயப் பள்ளிகளில் வரலாற்றை எவ்வாறு கற்பிப்பது என்பது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். 'வரலாறு என்ன, பாடநூலில் உள்ளதைப் படிப்பித்தால் தீர்ந்தது' என்று எண்ணுவோர் இவ்வவையிலும் இருக்கக்கூடும். தீரவில்லை என்பதைச் சொல்லவே வந்தேன். அதற்கு முதலில் நம் மண்ணில் பள்ளி எவ்வாறு எழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பின்னர்க் கடல் கடந்து கறுப்பின மக்கள் தம் பிள்ளைகளுக்குக் கட்டிய பள்ளிகளையும் பார்க்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் பள்ளிகள் எந்த இடத்தில் வழி தவறுகின்றன என்பது விளங்கும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து நிலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. குண்டாற்றில் நீரினும் மணலே மிகுதி. கண்மாய் முழுதும் நிறைந்த ஆண்டுகளை முதியோர் விரல்விட்டு எண்ணிச் சொல்வர். பருத்தியும் மிளகாயும் மல்லியும் வானத்தை நம்பிக் கிடக்கும் காடு இது. இத்தகைய வறண்ட நிலத்தில் பள்ளிகள் பலவற்றை அரசரும் கட்டவில்லை, ஆங்கிலேயரும் கட்டவில்லை. மக்களே தம் கைப்பொருளால் கட்டினர்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், தென்பாண்டிப் பனங்காடுகளிலிருந்து கருப்பட்டிப் பொதி ஏற்றிய வண்டிகளோடு வடக்கு நோக்கி வந்த நாடார் குடி வணிகர்கள் ஆறு ஊர்களில் நிலைகொண்டனர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்பன அவை. வழியில் கொள்ளை அச்சம், ஊருக்குள் தீண்டாமை, கிணற்றில் நீரெடுக்கவும் தடை. ஆகவே தமக்கென மதில் சூழ்ந்த பேட்டை அமைத்துக்கொண்டனர். உள்ளே கிணறு, மாட்டுக்கு நிழல், வண்டிக்குக் காவல். தங்கிய வண்டிக்கு இவ்வளவு என்று தண்டிய பணம் பொதுவில் சேர்ந்தது. பின்னர் வாங்கும் பொருளிலும் விற்கும் பொருளிலும் ஒரு சிறு பங்கை ஊர்ப்பொதுவுக்கு ஒதுக்கும் மகமை முறை உரம் பெற்றது. செல்வன் மிகுதியாகவும் எளியவன் சிறிதாகவும் தருவான். தராதவனை உறவின்முறை கேட்கும். அந்தப் பணம் முதலில் கோயிலாயிற்று, கிணறாயிற்று, பின்னர்ப் பள்ளியாயிற்று.

1889-ஆம் ஆண்டில் விருதுநகரில் எழுந்த பள்ளி அவ்வழியில் வந்ததே. வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதைத் திரட்டி விற்றுப் பள்ளிக்குப் பொருள் சேர்த்தனர் என்பதைத் தென்மாவட்டத்தார் அனைவரும் அறிவர். காமராசர் பயின்றதும் அப்பள்ளியிலேதான். இவ்வூரில் உறவின்முறைகள் எழுப்பிய பள்ளிகள் நம் கண்முன் நிற்கின்றன. நெசவாளக் குடியினர் தேவாங்கர் பெயரால் ஒரு கல்லூரியே கண்டனர்.

விருதுநகர்ப் பள்ளிக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன? 'சத்திரிய வித்தியாசாலை'. இரண்டு சொல்லும் வடசொல். பள்ளியைத் தாங்கிய பிடியரிசி தமிழ். அதனை நடத்திய உறவின்முறை தமிழ். பலகையில் ஏறிய பெயர் மட்டும் வேற்றுமொழி! இது வெறும் பெயர்ச் சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். தன்னை இன்னான் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லித் தரும் இடத்தில் நுழைந்த சொல் அது. அதனால் விளைந்ததைப் பிறகு சொல்வேன்.

இப்பொழுது அமெரிக்காவுக்குச் செல்வோம்.

அந்நாட்டின் தென்பகுதி மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. 1865-இல் அடிமைமுறை ஒழிந்தவுடன், விடுதலை பெற்ற மக்கள் நிலத்துக்கு அடுத்தபடியாகத் தேடியது பள்ளியையே. பெயரளவிலேனும் அரசு பள்ளி தந்தது. வெள்ளையர் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கறுப்பர் பிள்ளைக்கு வேறொரு பள்ளி. பின்னதற்குக் கூரையும் ஒழுங்காக இராது. ஆகவே அவர்கள் தாமே பணம் திரட்டினர். 1912 முதல் 1932 வரை உரோசன்வால்டு என்னும் செல்வரின் உதவியோடு தென்மாநிலங்களில் ஏறத்தாழ 5000 பள்ளிகள் எழுந்தன. அப்பள்ளிகளுக்கு அச்செல்வர் தந்த தொகையைவிடக் கறுப்பின உழவர்களும் கூலியாட்களும் தம் கையிலிருந்து தந்த தொகை மிகுதி என்பது கணக்கில் உள்ளது. பருத்தி விளைந்தால் அதில் ஒரு பகுதியைப் பள்ளிக்கு என்று ஒதுக்கினர். அரசுக்கு வரியும் செலுத்திவிட்டு, அவ்வரியால் வர வேண்டிய பள்ளிக்குத் தாமே மறுபடியும் பணம் கட்டியவர்கள் அவர்கள். பருத்திக் காட்டிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பள்ளி எழுந்துவிட்டது, பிள்ளை கையில் எந்த நூலைக் கொடுப்பது? அப்பொழுது வழங்கிய பாடநூல்களில் கறுப்பனுக்கு வரலாறே இல்லை. இருந்தால் அடிமையாக இருந்தான், அதிலும் மகிழ்ச்சியாக இருந்தான் என்று எழுதியிருக்கும். இதனை எதிர்த்து வாழ்நாள் முழுதும் உழைத்தவர் கார்ட்டர் ஊட்சன். 1875-இல் பிறந்தார். பெற்றோர் முன்னாள் அடிமைகள். அவரே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1912-இல் ஆர்வார்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். 1915-இல் கறுப்பின வரலாற்றாய்வுக் கழகம் கண்டார். அடுத்த ஆண்டே அதற்கு ஓர் ஆய்விதழ். 1926 பிப்ரவரியில் பள்ளிகளில் ஒரு கிழமையைக் கறுப்பின வரலாற்றுக்கு என ஒதுக்கச் செய்தார். அக்கிழமையே 1976-இல் முழுத் திங்களாக விரிந்தது. கறுப்பினப் பிள்ளைக்குத் தவறான கல்வி எவ்வாறு ஊட்டப்படுகிறது என்பதை 1933-இல் ஒரு நூலாகவே எழுதினார். ஒருவன் எண்ணத்தை நீ ஆண்டுவிட்டால், அவன் செயலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை என்பது அந்நூலின் உள்ளீடு. நம் நாட்டில் அதனை வடமொழிக்காரர் செய்துமுடித்து நெடுங்காலமாயிற்று.

அவர் நூல்கள் வகுப்புக்குள் எளிதாக நுழைந்துவிடவில்லை. இலூசியானா மாநிலத்தில் 1930-களில் ஓர் ஆசிரியை இருந்தார். மேசைமேல் அரசு கொடுத்த பாடக்குறிப்பு விரிந்திருக்கும். மடியில் ஊட்சன் நூல் இருக்கும். மடியிலுள்ளதைப் பார்த்தே பாடம் நடத்துவார். தலைமையாசிரியர் கதவருகே வந்தால் கண்ணை மேசைக்கு உயர்த்தி அரசின் குறிப்பைப் படிப்பார். அவர் போனவுடன் கண் மீண்டும் மடிக்கு இறங்கும். மாணவர்கள் அதனை அறிவர். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தம் இனத்தைப் பற்றிய அறிவு எத்துணை விலையுடையது என்பதை அந்த மடிநூல் ஒன்றே அப்பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கும். இங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியர்களே, உங்கள் மடியில் என்ன நூல் இருக்கின்றது?

பிரித்தானியாவிலும் இதே கதைதான். கரீபியத் தீவுகளிலிருந்து சென்ற கறுப்பினத்தாரின் பிள்ளைகளை 'அறிவுக் குறையுடையோர்' என்று முத்திரை குத்தித் தனிப்பள்ளிகளுக்குத் தள்ளினர். பெர்னார்டு கோர்டு என்னும் ஆசிரியர் 1971-இல் ஒரு சிறு நூலெழுதி அதனை வெளிப்படுத்தினார். பெற்றோர் அழுதுகொண்டிருக்கவில்லை. காரிக்கிழமைகளில் வீட்டுக் கூடங்களிலும் கிறித்தவக் கோயில்களின் அறைகளிலும் தாமே பள்ளி நடத்தினர். கணக்கும் எழுத்தும் கற்பித்ததோடு, 'நீ யார், எங்கிருந்து வந்தாய்' என்பதையும் கற்பித்தனர். இன்று அதே இலண்டனில் ஈழத்தமிழர் கிழமையிறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகின்றனர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். இங்கிருந்து எட்டும் தொலைவிலுள்ள கமுதிக்குச் செல்வோம்.

1897 மே திங்களில் கமுதியிலுள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் குடியினர் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிற் காப்பாளர் என்ற முறையில் இராமநாதபுரம் அரசர் பாற்கரச் சேதுபதி வழக்குத் தொடுத்தார். நுழையக் கூடாது என்று தடை கேட்டது வழக்கு. தீட்டுக் கழிக்கும் செலவையும் கேட்டது. 1899-இல் மதுரைச் சார்பு முறைமன்றம் நாடாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சூனில் சிவகாசி சூறையாடப்பட்டது. 1901-இல் சென்னை உயர் முறைமன்றமும், 1908-இல் பிரிவி கவுன்சில் எனப்பட்ட இலண்டன் மேன்மன்றமும் முதல் தீர்ப்பையே உறுதி செய்தன. பதினோராண்டு வழக்கு, கடல் கடந்த செலவு, கிடைத்தது தோல்வி.

அவ்வழக்கில் நாடார் தரப்பின் முதன்மையான எதிருரைகளுள் ஒன்று எது தெரியுமா? தாங்கள் பாண்டியர் வழிவந்த சத்திரியர் என்பது. அதற்கு முன்பே அக்குடியின் செல்வர் பூணூல் அணியத் தொடங்கியிருந்தனர். துண்டு வெளியீடுகளும் வழிமுறை வரலாறுகளும் பல எழுதப்பட்டிருந்தன. முறைமன்றம் அதனை ஏற்கவில்லை. பனையேறும் குடி கோயிலுக்குள் நுழைவது வழக்கத்தில் இல்லை என்று கூறி முடித்துவிட்டது. நுழைவது முறையா என்று மன்றம் கேட்கவில்லை, பழைய வழக்கம் என்ன என்பதையே கேட்டது. மனு வகுத்த ஏணியில் நீ எந்தப் படி என்பதே கேள்வி. அந்த ஏணியே பொய் என்று சொல்வதற்கு அம்மன்றத்தில் இடமில்லை.

அவர்களைப் பழிக்க நான் வரவில்லை. ஆங்கிலேயன் அமைத்த மன்றத்தில் வடநூலே சட்டமாக இருக்கும்போது, வடநூலின் சொல்லைக் கொண்டுதானே வாதாட முடியும்? வேறு வழி அன்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆயின் வழக்கு முடிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1921-இல் அரசு ஏடுகளில் இழிபெயர் நீங்கி 'நாடார்' என்றே எழுத ஆணை பிறந்தது. 1939 சூலையில் மதுரைக் கோயிற் கதவே திறந்தது. இவை எவையும் சத்திரியப் பெயரால் வந்தவை அல்ல. அமைப்பாகத் திரண்டு போராடியதால் வந்தவை. ஆனால் பிள்ளைகளுக்கு நாம் இன்றும் வழக்குமன்றத்தில் தோற்ற கதையையே, அதாவது 'நாம் அரசர் வழி' என்னும் கதையையே ஊட்டிக்கொண்டிருக்கிறோம். இக்குற்றம் ஒரு குடிக்கு உரியதன்று. இந்த மாவட்டத்தில் எந்தக் குடியின் விழாவுக்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். மேடைக்குப் பின்னே ஓர் அரசன் படம், வாள், கொடி, 'ஆண்ட பரம்பரை' என்னும் எழுத்து. எல்லாரும் ஆண்டவர்களானால், ஆளப்பட்டவன் யார்? ஏர் உழுதவன் யார்? கண்மாய்க் கரைக்கு மண் சுமந்தவன் யார்?

கறுப்பின மக்களிடையிலும் இச்சிக்கல் எழுந்தது. இழிவுபடுத்தப்பட்ட பிள்ளைக்கு எகுபதியத்து அரசரையும் மாலி நாட்டுப் பேரரசரையும் காட்டி நிமிரச் செய்யலாம் என்று ஒரு சாரார் கருதினர். அப்பேரரசுகள் மெய்யாகவே இருந்தவை. அவற்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கப்பலில் சங்கிலியோடு வந்தவர்களுள் பெரும்பாலோர் அரசர் அல்லர். பருத்தி பறித்தவரின் வரலாற்றை நாணத்தால் மறைத்துவிட்டு அரசர் வரலாற்றை மட்டும் சொன்னால், தன் பாட்டனை ஒளித்து வைக்கும் பேரனாகத்தான் பிள்ளை வளர்வான்.

பிரேசில் நாடு இதில் நல்வழி காட்டுகிறது. அங்கே அடிமைத்தளையிலிருந்து தப்பியோடிய கறுப்பர்கள் பல்மாரெசு என்னும் மலைக்காட்டில் தமக்கென ஊர்கள் அமைத்து, பதினேழாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்றனர். அதன் கடைசித் தலைவன் சும்பி 1695 நவம்பர் 20-இல் கொல்லப்பட்டான். கறுப்பின இயக்கங்கள் அந்நாளையே தம் நாளாகக் கொண்டன. 2003-இல் பள்ளிகள் அனைத்திலும் ஆப்பிரிக்க வரலாற்றையும் பிரேசில் கறுப்பரின் போராட்டத்தையும் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2023-இல் நவம்பர் 20 நாடு முழுமைக்கும் விடுமுறை ஆயிற்று. அவர்கள் கொண்டாடுவது தளையறுத்து ஓடியவனை. கறுப்புப் பிள்ளைக்கு மட்டுமின்றி, வெள்ளைப் பிள்ளைக்கும் அப்பாடம் கட்டாயம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலேயே ஆப்பிரிக்க வழியினர் உள்ளனர் என்பதைப் பலர் அறியார். கருநாடகத்தின் எல்லாபுரம், அளியாள் காடுகளிலும் குசராத்திலும் வாழும் சித்தியர் அவர்கள். அவர்தம் பிள்ளைக்கு மாலிக்கு அம்பரைச் சொல்லித் தரலாம். 1548 அளவில் எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாகக் கைம்மாறிக் கைம்மாறி விற்கப்பட்டு, அகமதுநகர் அரசையே தாங்கி நின்று, முகலாயரைக் கால்நூற்றாண்டு தடுத்தவர் அவர். படைத்தலைவரான அம்பரை மட்டும் சொல்வதா, விற்கப்பட்ட சிறுவனையும் சேர்த்துச் சொல்வதா? சிறுவனை விட்டுவிட்டால் தலைவனின் பெருமையில் பாதி போய்விடும்.

நம் பனங்காட்டுக்கு வருவோம். ஒரு பனையேறி நாளொன்றுக்கு முப்பது நாற்பது மரம் ஏறுவான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. காலில் தளை, இடுப்பில் அரிவாளும் கலயமும். பாளையை எந்த அளவு சீவ வேண்டும், எப்பொழுது சீவ வேண்டும், கலயத்தில் சுண்ணாம்பு எவ்வளவு தடவினால் பதநீர் புளிக்காது என்பவை நூலில் இல்லாத அறிவு. அவன் மனைவி அடுப்பில் வேகும் பதநீரின் நுரையைப் பார்த்தே கருப்பட்டிப் பதத்தை அறிவாள்.

இந்த அறிவை இழிவு என்றது யார்? நாம் போற்றும் கழகநூல்கள் அனைத்தும் எதன்மேல் எழுதப்பட்டு நம்மிடம் வந்தன? பனையோலைமேல். தொல்காப்பியமும் திருக்குறளும் சிலம்பும் ஓலையில் நின்றன. ஓலை செல்லரிக்க, மீண்டும் புதிய ஓலையில் படியெழுதினர். ஈராயிரம் ஆண்டு இடையறாமல் ஓலை வேண்டியிருந்தது. மரமேறி அவ்வோலையை வெட்டித் தந்த கை யாருடையது? தமிழ் அழியாமல் இருந்ததற்குப் புலவன் கை ஒன்று. பனையேறியின் கை ஒன்று. புலவனைத் திண்ணையில் அமர்த்தினோம். ஓலை தந்தவன் பிள்ளையைத் திண்ணைப் பள்ளிக்குக் கீழே நிறுத்தினோம். இதனைவிடத் தமிழினத்துக்கு நேர்ந்த மானக்கேடு வேறு உண்டா? ஓலை வெட்டியவன் பேரனிடம் போய், 'உன் பெருமை சத்திரியன் என்னும் வடசொல்லில் இருக்கிறது' என்று சொல்வதைப் போன்ற கொடுமையும் வேறில்லை.

கால்டுவெலாரை நாம் போற்றுகிறோம். தமிழ் வடமொழியின் கிளையன்று என்பதை 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதி உலகுக்கு நாட்டியவர். அவரே அதற்கு ஏழாண்டு முன்னர், 1849-இல், திருநெல்வேலிப் பனையேறிக் குடியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அம்மக்களின் அறிவையும் பண்பையும் மிகத் தாழ்த்தி எழுதியிருந்தார். இடையன்குடியில் அம்மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் உழைப்பில் உண்டு, எழுதியது அது! பின்னாளில் அக்குடியினர் கடுமையாக எதிர்த்தனர். எதிர்த்தது முற்றும் பொருந்தும். ஒரு கை மொழியை உயர்த்தியது. அதே கை அம்மொழி பேசியவனைத் தாழ்த்தியது. வகுப்பில் இரண்டு நூல்களையும் சொல்ல வேண்டும். பெரியோர் ஆயினும் பிழையைப் பிழை என்று சொல்லும் துணிவு பிள்ளைக்கு அப்பொழுதுதான் வரும்.

சொன்னால் பிள்ளை புண்படுவான் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தால் விளைந்த இழப்பை ஈண்டுச் சொல்ல வேண்டும். நடுவண் கல்வி வாரியத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடை வரலாறு பற்றி ஓர் இயல் இருந்தது. திருவிதாங்கூர் அரசில், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், நாடார் குடிப் பெண்கள் மார்மறைக்கும் உரிமைக்காக நடத்திய போராட்டம் அதில் ஒரு பகுதி. 1822 முதல் பன்முறை அடிபட்டு, மேலாடை கிழிபட்டு, 1859 சூலையில் அரசாணை பெற்ற போராட்டம் அது. அவ்வாணையும் உயர்குலப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்னும் வாலோடுதான் வந்தது. அப்பகுதியில் சில தொடர்கள் பிழையானவை, இழிவானவை என்று முறையீடு எழுந்தது. தொடர்களைத் திருத்தியிருக்கலாம், திருத்த வேண்டும் என்று கேட்டது முறையே. நடந்தது என்ன? 2016 திசம்பரில் அப்பகுதி முழுவதையும் பாடத்திலிருந்து விலக்கினர். 2019-இல் அந்த இயலே நூலிலிருந்து போயிற்று. வென்ற போராட்டத்தைப் பிள்ளை இப்பொழுது அப்பாடநூலில் படிக்க இயலாது. கொள்ளுப்பாட்டி அடிபட்டு நின்ற இடம் வெறுந்தாள் ஆயிற்று. இழிவை நீக்குகிறோம் என்று வீரத்தையும் நீக்கிவிட்டோம். ஊட்சன் இருந்தால் இதற்கு ஒப்பியிருப்பாரா? பிரேசில் பாடத்தைச் சேர்க்கச் சட்டம் இயற்றியது. நாமோ நீக்கக் கேட்டு வாளா இருந்தோம்.

அடுத்து, நம் பாடநூலில் இருக்க வேண்டிய ஒருவரைச் சொல்கிறேன். பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மதிப்பு மாநாட்டின் தலைவர். குலப்பட்டங்களைத் துறப்பது என்று முடிவெடுத்த மாநாடு அது. (சென்னையில் பாண்டிக் கடைத்தெருவில் துணி எடுப்போர் பலர், அஃது இவர் பெயரால் வழங்குவது என்பதை அறிந்தோர் சிலர்.) அவர் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தார். இவ்வூர்களெல்லாம் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. தாழ்த்தப்பட்ட மக்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்த முதலாளிகளுக்கு எதிராக ஆணையிட்டார். ஏற்ற மறுத்தால் உரிமம் போகும் என்றார். கமுதிக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடியில் பிறந்தவர், தமக்குக் கதவு திறந்தவுடன் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளாமல், தமக்கும் கீழே நிறுத்தப்பட்டவனுக்குப் பேருந்தின் கதவைத் திறந்தார். தன் குடி பட்ட இழிவை உண்மையாக உணர்ந்தவனுக்கே அது தோன்றும். குமுகாயப் பள்ளிப் பிள்ளை முதலில் அறிய வேண்டிய பெயர் எது? பாண்டியன் ஒருவனின் பட்டப்பெயரா, இந்தப் பாண்டியனின் பெயரா?

இதனை நான் வலியுறுத்தக் கரணியம் உண்டு. தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகளின் கையைப் பாருங்கள். குலத்துக்கொரு நிறத்தில் கயிறு. நெற்றியில் குலத்துக்கொரு பொட்டு. 2023 ஆகத்தில் நாங்குநேரியில், உடன்பயின்ற மாணவர்களே வீடு புகுந்து தாழ்த்தப்பட்ட குடி மாணவன் ஒருவனை வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் அரசு அமைத்த சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. கயிறும் பொட்டும் ஒழிய வேண்டும், பள்ளிப் பெயர்களில் குலப்பெயர் நீங்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். கயிற்றை அறுக்கலாம், பலகையை மாற்றலாம். இரண்டும் வேண்டியவையே. ஆனால் அக்கயிற்றைப் பிள்ளை கையில் கட்டியது 'நீ ஆண்டவன், அவன் அடங்கியவன்' என்னும் வரலாறு. அதனை மாற்றாமல் கயிற்றை மட்டும் அறுத்தால் நாளை வேறு கயிறு வரும்.

பலகையிலிருந்து பெயர் போனால் மகமை தந்த முன்னோரின் ஈகமும் மறைந்துவிடுமே என்று உறவின்முறைப் பெரியோர் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் எனக்கு விளங்குகிறது. அதனை எள்ளி நகையாட மாட்டேன். பலகையில் குலப்பெயர் இருப்பதால் அந்த ஈகம் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறதா? எந்தப் பிள்ளையையேனும் கூப்பிட்டு, பேட்டை என்றால் என்ன, மகமை எவ்வாறு தண்டினர், பிடியரிசியை யார் திரட்டினர் என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான். பெயர் பலகையில் இருக்கிறது. செய்தி எங்கும் இல்லை. பெயரை இறக்கிவிட்டுச் செய்தியைப் பாடமாக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். இன்று உங்கள் வகுப்புகளில் எல்லாக் குடிப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர். தேவேந்திரர் பிள்ளையும் மறவர் பிள்ளையும் நெசவாளர் பிள்ளையும் அப்பாடத்தைக் கேட்கட்டும். அவ்வாறே அவர்கள் குடியின் உழைப்பையும் நாடார் குடிப் பிள்ளை கேட்கட்டும்.

எங்கே தொடங்குவது என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். அருகிலேயே உள்ளது. திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துக் கோயிலில் பாண்டியர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பாண்டியர் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க நெய்க்காக ஆடு விட்ட செய்தி மீண்டும் மீண்டும் வரும். எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பர். எத்துணை அழகிய தனித்தமிழ்! கொடுத்த அரசன் பெயரையும் அலுவலன் பெயரையும் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். பிறகு கேளுங்கள்: செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து, கோடையில் இக்காட்டில் புல் தேடி, எண்ணிக்கையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவன் யார்? பிள்ளைகளுள் ஒருவனேனும் தன் வீட்டு ஆட்டுக் கிடையை நினைத்துக்கொள்வான். அரசனுக்கு அடுத்த வரியில் தானும் இருப்பதைக் கல்லிலேயே காண்பான்.

அடுத்தது கமுதித் தீர்ப்பு. ஆங்கிலத்தில் கிடக்கும் அதனை நல்ல தமிழில் பெயர்த்து, உயர்நிலை வகுப்பில் வரிவரியாகப் படிக்க வேண்டும். மன்றம் எதைக் கேட்டது, எதைக் கேட்க மறுத்தது என்று பிள்ளைகளே சொல்லட்டும். இரண்டு தரப்பிலும் நின்ற குடிகளின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள் என்பதை அறிந்தே சொல்கிறேன். ஒன்றாக அமர்ந்து படித்தால்தான், அன்று இரு தரப்பையும் ஏணியில் ஏற்றி மோதவிட்டது எது என்பது அவர்களுக்குப் புலப்படும். முதல் நாள் கூச்சல் எழலாம். ஆசிரியர் அஞ்சாமல் நிற்க வேண்டும்.

மூன்றாவதாக, உறவின்முறைக் கூடங்களின் பேழைகளில் பழைய மகமைக் கணக்கேடுகள் எங்கெங்கே எஞ்சியிருக்கின்றன என்று தேட வேண்டும். எந்தெந்தச் சரக்குக்கு எவ்வளவு தண்டினர், கிணற்றுக்கு எவ்வளவு, ஆசிரியர் சம்பளம் எவ்வளவு என்பவை அவற்றிலேதான் இருக்கும். தேவாங்கர், சாலியர் நெசவுக் கூடங்களின் கணக்கும் அவ்வாறே. உழவுக் கூலிக் குடிகளுக்கு எழுத்தேடு இராது; அவர்களின் கிழவிகளிடம் வாய்மொழியாகக் கேட்டு எழுத வேண்டும். அவ்வேடுகளுள் பல கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கும். வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள். படியெடுக்க ஆளில்லை என்றால் நம் இயக்கத் தோழர்கள் வருவார்கள். அவர்களுக்கு உணவு மட்டும் போட்டுவிடுங்கள். எந்த ஊர்க் கூடத்திலிருந்து தொடங்குவது என்பதை இவ்வவை கலையுமுன் பெரியோர்களே முடிவுசெய்து சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.